பாதியைத் தாண்டினால் இடித்துவிடு என்பது ஒரு கணக்கே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழுதுபார்க்க ஆகும் செலவு, புதிதாகக் கட்ட ஆகும் செலவில் பாதியைத் தாண்டினால் யோசிக்காமல் இடித்துவிடுங்கள் என்று அதில் இருக்கிறது. பெங்களூரில் இதைச் சொல்லாத மேஸ்திரி கிடையாது. சொல்கிறவர் யார் என்று பார்த்தால், இடித்துக் கட்டும் வேலை யாருக்குப் போகப்போகிறதோ அவராகவே இருப்பார். இப்போது பேப்பரிலும் வந்துவிட்டது, இனி அல்சூர், ஓக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் எல்லாம் அந்தத் துண்டைக் கத்தரித்து வைத்துக்கொண்டு காட்டுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்ட வேண்டுமென்றால் வேறு எதையாவது வெட்டுங்கள், எண்களை மட்டும் தொடாதீர்கள்.

கட்டட வேலைக்கு எஸ்டிமேட் போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது, இப்போது ஓய்வு. ஓய்வு என்று பேர்தான், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது ஒருவர் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காட்டி "அண்ணா, வெச்சுக்கலாமா, இடிச்சிரலாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நம் ஆட்களிடம் இந்த மாதிரி வீடு நிறைய இருக்கிறது. தாத்தா கட்டியது, அப்பா மேலே ஓர் அறை போட்டது, பிள்ளைகளில் ஒருவர் ஒயிட்ஃபீல்ட், ஒருவர் சென்னை, ஒருவர் துபாய். குடியிருந்தவர் காலி செய்தபின் யாரும் குடிவரவில்லை, அண்ணன் தம்பிக்குள் பேச்சும் முடியவில்லை, நாலைந்து மழைக்காலம் போனதும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து, உள்ளே சுவரெல்லாம் ஓதம் ஏறி, பார்க்கவே பயமாக நிற்கும். பார்க்கப் பயமாக இருப்பதற்கும் வீடு கெட்டுப்போவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நேற்று பெயின்ட் அடித்த வீட்டின் தளத்துக்குள் கம்பி உளுத்துக் கிடப்பதும் உண்டு, பாழடைந்த மாதிரி நிற்கும் வீட்டின் சுவர் இன்னும் ஐம்பது வருஷம் தாங்குவதும் உண்டு.

சரி, கணக்குக்கு வருகிறேன். 30க்கு 40 மனை, அதில் 9 சதுரம் வீடு, அதாவது 900 சதுர அடி, தரைத்தளம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்க 13 லட்சம் என்று ஒருவர் சொல்கிறார். புதிதாகக் கட்ட சதுர அடி 2,300 ரூபாய் என்று இன்னொருவர், ஆக 20 லட்சத்து 70 ஆயிரம். 13 லட்சம் என்பது அதில் 63 சதவீதம். உங்கள் கட்டுரைப்படி வீடு போச்சு, ஜேசிபியைக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்த 13 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். வயரிங், பைப், பாத்ரூம், சமையலறை, டைல்ஸ், கதவு ஜன்னல் சரிசெய்வது, பெயின்ட், இதெல்லாம் சேர்ந்து எட்டரை லட்சம். தளத்தையும் சுவரையும் அஸ்திவாரத்தையும் சரிசெய்ய நாலரை லட்சம். புது வீட்டுக்கான 20 லட்சத்து 70 ஆயிரத்தையும் அதே மாதிரி பிரித்தால், மண் வேலை, அஸ்திவாரம், சுவர், சென்ட்ரிங், கம்பி, காங்கிரீட் என்று ஸ்ட்ரக்சருக்கு ஏறத்தாழ பாதி, பத்தரை லட்சம் வைத்துக்கொள்ளுங்கள், மீதி அதே வயரிங், அதே பைப், அதே டைல்ஸ். இடித்தாலும் இடிக்காவிட்டாலும் அந்த மீதியை நீங்கள் செலவழிக்கத்தான் போகிறீர்கள். பழைய வீட்டில் எர்த் ஒயரே இருக்காது, ஜிஐ பைப் உள்ளே துரு அடைத்து பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும், மாற்றாமல் குடிபோகிறவர் யார்? இரண்டு பக்கமும் வரும் செலவை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒப்பிட வேண்டியது நாலரை லட்சத்தையும் பத்தரை லட்சத்தையும். இப்போது பார்த்தால் இடிக்க ஒரு காரணமும் இல்லை. அதே வீடு, அதே எண்கள், பிரித்துப் பார்த்ததும் பதில் தலைகீழாகிவிட்டது. டைல்ஸை இத்தாலி மார்பிளாக மாற்றினால் பழுதுச் செலவு இன்னும் ஏறும், அதற்காக வீட்டை இடிப்பார்களா?

ஸ்ட்ரக்சரைச் சரிசெய்ய எட்டு லட்சம், ஒன்பது லட்சம் என்று வந்தால் அப்போது இடிப்பதைப் பற்றிப் பேசலாம். ஆனால் அந்த எண் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. வாசலில் நின்று மேலே பார்த்து, சுவரை இரண்டு தட்டு தட்டி, "ஆவுற வேலை இல்லீங்க" என்று சொல்கிறவருக்கு அது தெரியாது. வீட்டை அங்கங்கே திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்து பார்க்க ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் இரண்டு ஆட்களையும் கூட்டிவந்தால் ஆகிற செலவு, மொத்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. அந்தச் சின்னச் செலவுக்குக் கஞ்சத்தனம் பார்த்துவிட்டு பல லட்சத்துக்கு முடிவெடுக்கிறார்கள், இது எனக்கு எப்போதும் விளங்கியதில்லை.

முதலில் தளம், அதாவது தலைக்கு மேல் இருக்கும் கூரை. 1970க்குப் பிறகு கட்டிய வீடென்றால் பெரும்பாலும் ஆர்.சி.சி. தளம்தான், கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டது. கீழே நின்று சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் சில இடத்தில் கணீரென்றும் சில இடத்தில் பொத்தென்றும் கேட்கும். பொத்தென்று கேட்கும் இடத்தில் காங்கிரீட் கம்பியை விட்டு விலகிவிட்டது. துருவாக மாறும்போது இரும்பு தன் பருமனைப்போல் பல மடங்கு வீங்கும், அந்த வீக்கம்தான் காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி விழவைக்கிறது. பெயர்ந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, கம்பியைத் துரு போகத் தேய்த்து வெர்னியர் அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 10 மி.மீ. கம்பி 8 மி.மீ. ஆகியிருந்தால் ஐந்தில் ஒரு பங்குதானே போயிருக்கிறது என்று நினைப்பார்கள். பலம் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது, பத்தின் வர்க்கம் 100, எட்டின் வர்க்கம் 64, போனது 36 சதவீதம். பாத்ரூம் மேலே மட்டும் இரண்டு மூன்று கம்பி இப்படி ஆகியிருந்தால் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி ரிப்பேர் செய்துவிடலாம். ஹால், படுக்கையறை என்று எங்கு தட்டினாலும் இதே கதையென்றால் அந்தத் தளத்தில் பணம் போடாதீர்கள். தளம் மட்டும் போனால் வீடே போய்விட்டதாக அர்த்தம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சுவர் நன்றாக இருந்தால் தளத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம், இதை எந்தக் கான்ட்ராக்டரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொரு சின்ன சோதனை இருக்கிறது, பள்ளிக்கூட லேபில் பார்த்த பினாப்தலீன்தான். காங்கிரீட்டைப் புதிதாக உடைத்த இடத்தில் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காற்றிலுள்ள கரியமில வாயு ஏறி காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால், இன்றைக்குத் துரு இல்லாவிட்டாலும் இனி ஈரம் பட்டால் பிடிக்கும். எல்லா வீட்டுக்கும் பெரிய பெரிய டெஸ்ட் வேண்டாம், ஆனால் இதுகூடச் செய்யாமல் "தளம் நல்லாத்தான் இருக்கு" என்பவரையும் நம்ப வேண்டாம், "தளம் போச்சு" என்பவரையும் நம்ப வேண்டாம்.

அதற்கும் முந்தைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் குறுக்காக அடுக்கி, சுண்ணாம்புக் காரை, செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்த தளம். இதைப் பார்த்தாலே இன்றைய ஆட்களுக்குக் கை நடுங்குகிறது, "மரத்து மேல நிக்குது சார்" என்று ஏதோ குற்றம் கண்டுபிடித்த மாதிரி சொல்வார்கள். இந்தத் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது உத்தரத்தின் நடுப்பகுதி இல்லை, சுவருக்குள் போகிற முனை. ஈரமும் கறையானும் அங்கேதான் வேலை பார்க்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். இறங்கினால் அந்த உத்தரத்தை மட்டும், முட்டுக் கொடுத்து, மாற்றலாம், முழுத் தளத்தையும் இறக்க வேண்டியதில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை, தேடத்தான் வேண்டும்.

இந்த வீடுகளைக் கெடுத்ததில் பாதி பங்கு மழைக்கு, பாதி பங்கு நமக்கு. ஒழுகுகிறதென்று மேலே ஒரு கோட் சிமென்ட், அடுத்த மழைக்கு இன்னொரு கோட் என்று போட்டுக்கொண்டே போவார்கள். மூன்று அங்குலம் காங்கிரீட் ஏறிவிட்டால், 10க்கு 12 அறைக்கு மேல் மட்டும் இரண்டு டன் பாரம் கூடிவிட்டது, சும்மா ஒரு மனக்கணக்கு போட்டாலே வரும். அப்புறம் உத்தரம் தொய்கிறது என்று புகார். சுவரிலும் இதே கதை, சுண்ணாம்புச் சுவரில் ஓதம் தெரிந்ததும் சிமென்ட் பூச்சு பூசி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், வெளியே போக வழியில்லாத ஈரம் உள்ளேயே ஏறி அடுத்த அறையில் போய்த் தெரியும். இந்த மாதிரி வீட்டில் பழுதுவேலை என்பது பாதி, முந்தின பழுதுவேலையைச் சுரண்டி எடுப்பதுதான். எஸ்டிமேட்டில் அந்த வரியே இருக்காது.

சுவர் விரிசலைப் பற்றிக் கட்டுரையில் படம் போட்டு மிரட்டியிருந்தீர்கள். விரிசல் இருக்கிறதா என்பதைவிட அது இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள், ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் கண்ணாடி உடைந்திருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக இறங்கும் விரிசல் என்றால் பெரும்பாலும் அந்த மூலை அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது, பல நேரம் காரணம் பக்கத்திலேயே உடைந்து கசியும் சாக்கடைப் பைப்தான், பைப்பை மாற்றினால் நகர்வது நின்றுவிடும். மூலையில் வெளிப்பக்கம் ஒரு குழி தோண்டி அஸ்திவாரம் எந்த ஆழத்தில், எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெங்களூர் செம்மண் நல்ல மண்தான், ஆனால் இந்த ஊரில் ஏரியைத் தூர்த்துக் கட்டிய இடம் எவ்வளவு! சம்பங்கி ஏரிதான் கண்டீரவா ஸ்டேடியம், தர்மாம்புதி ஏரிதான் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். அந்த மாதிரி கொட்டிய மண்ணில் உட்கார்ந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் வீடென்றால், நான் முதல் ஆளாக இடிக்கச் சொல்வேன்.

"பில்லரே இல்ல, எப்படி நிக்கும்?" என்பது இன்னொரு பயமுறுத்தல். அந்தக் காலத்து வீடுகளில் சுவரே பாரம் தாங்கும், பில்லர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் ஹாலைப் பெரிதாக்குகிறேன் என்று நடுச்சுவரை எடுத்தால்தான் ஆபத்து. மண் சாந்தில் கட்டிய சுவர்மேல் இன்னொரு மாடி ஏற்றுவதும் அப்படித்தான்.

இடித்தே ஆக வேண்டிய காரணம் ஒன்று, பெங்களூரில் அடிக்கடி வருவது, கட்டுரையில் இல்லை. ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு ஏறிக்கொண்டே போக, வீட்டுத் தரை ரோட்டுக்குக் கீழே போய்விட்டது, ஒரு மழை அடித்தால் சாக்கடை ஹாலுக்கு வருகிறது. உள்ளே தரையை ஏற்றலாம் என்றால் தலை இடிக்கும், ஏற்கெனவே ஒன்பதடி உயரம்தான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவையும் ஸ்ட்ரக்சர் கணக்கில் சேர்த்தால் பெரும்பாலும் இடிப்பதே தேவலை என்று வரும். சுவர் நல்ல சுவர், தளம் நல்ல தளம், ஆனாலும் வீடு போச்சு. வயிற்றெரிச்சல்தான், என்ன செய்வது.

இப்போது மறுபக்கம். சதுர அடி 2,300 என்றாரே, அதில் எதெல்லாம் இல்லை என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி, அதுவே 3 லட்சத்து 73 ஆயிரம். சம்ப் எனும் தரையடித் தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்ட் சுவர், கேட் தனி. பிளான், இன்ஜினியர், சாங்ஷன் (மாநகராட்சி அனுமதி) செலவு தனி. ஒரு வருஷம் வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும், மாதம் 22,000 என்றால் 2 லட்சத்து 64 ஆயிரம், அட்வான்ஸ் வேறு முடங்கும். எல்லாம் சேர்ந்தால் அந்த 20 லட்சத்து 70 ஆயிரம் 30 லட்சத்தைத் தாண்டிவிடும். பழுதுபார்க்கும் கணக்கிலும் ஜி.எஸ்.டி., நாலு மாத வாடகை, எதிர்பாராத செலவுக்கு 20 சதவீதம் என்று நேர்மையாகச் சேருங்கள், 19 லட்சத்துக்குள் நிற்கும். பழைய வீட்டில் இந்த 20 சதவீதம் கண்டிப்பாக வேண்டும், பூச்சை உடைத்தபின் என்ன வரும் என்று சொல்ல முடியாது. இத்தனையும் சேர்த்தபிறகும் விகிதம் பாதிக்கு மேல்தான், உங்கள் விதி இன்னும் "இடி" என்றுதான் சொல்கிறது, ஆனால் வீட்டுக்காரர் கையிலிருந்து கூடுதலாகப் போவது 11, 12 லட்சம்.

பணம் மட்டுமா? நம் பகுதிகளில் பழைய வீடுகள் மனையை அடைத்து நிற்கின்றன, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் வேறு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் இன்றைய விதிப்படி முன்னாலும் பக்கத்திலும் இடம் விட வேண்டும், தாத்தா வைத்திருந்த தரைத்தள இடம் முழுதும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். பொதுச்சுவரைப் பிரிக்கும்போது பக்கத்து வீட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அவர்கள் மண்சாந்து அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் ஜேசிபி வைத்துத் தோண்டினால் விரிசல் அவர்கள் வீட்டில் விழும், சண்டை உங்கள் வீட்டுக்கு வரும். சந்துக்குள் லாரி வராது, மெயின் ரோட்டில் கொட்டி ஆள் வைத்துச் சுமக்க வேண்டும், இடித்த கல்லையும் மண்ணையும் அதே வழியில் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். இந்தச் சுமைகூலியை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை, வேலை பாதியில் நிற்கும்போதுதான் வாயைத் திறப்பார்கள்.

தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது நினைவிருக்கும். புது வீட்டுக்குக் க்யூரிங் தண்ணீர், அதாவது காங்கிரீட் இறுகும்வரை நனைத்துவைக்கும் தண்ணீர், டேங்கரில்தான். 1,200 சதுர அடி மனையில் புதுக் கட்டடம் என்றால் மழைநீர் சேகரிப்பும் கட்டாயம், ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு 2,400 சதுர அடி மனையிலிருந்துதான் கட்டாயம். (சேகரிப்பு நல்ல காரியம், பழைய வீட்டிலும் செய்யுங்கள், நான் சொல்வது எஸ்டிமேட்டில் அது ஒரு வரி என்பதை.)

காகிதம் இன்னொரு தலைவலி. வெள்ளையடிப்பது, பூச்சு, தரை, ஓடு மாற்றுவது மாதிரியான பழுதுக்கு லைசென்ஸ் வேண்டாம். இடித்துக் கட்ட சாங்ஷன் வேண்டும், சாங்ஷனுக்குக் காத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவு, உயிரோடு இருப்பவர் பேரில் இருக்க வேண்டும், தாத்தா பேரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், துபாய்க்காரர் எப்போது வருவார்? மாநகராட்சி வேறு 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்துவிட்டது, உங்கள் ஃபைல் எந்த ஆபீஸில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முடிவுச் சான்றிதழ் இல்லாமல் கரண்ட், தண்ணீர் இணைப்பு தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சின்ன மனைகளுக்கு மாநில அரசு பிறகு விலக்கு தந்தது, ஆனாலும் பிளானை மீறிக் கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழைய தைரியத்தை நம்பி இறங்காதீர்கள். இதெல்லாம் சேர்ந்து ஒரு வருஷம் என்பது எளிதாக ஒன்றரை, இரண்டு ஆகும், வாடகையும் கூடவே ஓடும்.

இடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். "இடிச்சு மண்ணையும் எடுத்துட்டுப் போயிடறோம், ஒரு பைசா வேண்டாம்" என்று ஒருவர் வருவார். பைசா வேண்டாம் என்கிறவர் தேக்கு உத்தரத்தையும், பழைய கதவு நிலையையும், ஜன்னல் கம்பியையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பழைய மரம் வாங்குகிற இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டு விலை கேட்டுவிட்டு அப்புறம் அவரிடம் பேசுங்கள்.

கார் நிறுத்த இடம் வேண்டும், மேலே இரண்டு மாடி போட்டு வாடகைக்கு விட வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். அது வாடகை வருமானத்துக்காக முதல் போடுகிற கணக்கு, வட்டி எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று பார்க்க வேண்டியது, அதற்கும் பழைய வீட்டின் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தம் கிடையாது. வீடு கெட்டுவிட்டது என்று ஏன் பழி போட வேண்டும்? கடன் வாங்குகிறவர்கள் வரியையும் கவனியுங்கள், பழைய வரி முறையில் இருப்பவருக்கு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைக் கட்ட வாங்கிய கடன் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிவு, பழுதுபார்க்க வாங்கியதற்கு 30,000 மட்டும். புது வரி முறையில் இரண்டுக்கும் ஒன்றும் கிடையாது, ஆகவே பலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எஸ்டிமேட் வாங்கும்போது மொத்தமாக 13 லட்சம் என்று எழுதிய தாளை வாங்காதீர்கள். எத்தனை சதுர அடி பூச்சு உடைப்பது, எத்தனை சதுர அடி பூசுவது, எத்தனை கிலோ கம்பி, எத்தனை பாயின்ட் வயரிங் என்று அளவும் ரேட்டும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கர்நாடகப் பொதுப்பணித்துறை போடும் ரேட் புத்தகம் யாரும் பார்க்கக்கூடியது, சந்தை ரேட் அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கலாம், ஆனால் ஒருவர் இரட்டிப்பாகக் கேட்டால் அதைக் காட்டிக் காரணம் கேட்கலாம். அளவு போட்டுத் தரமாட்டேன் என்கிறவர் அளக்கவில்லை என்று அர்த்தம். அளக்காமல் சொன்ன 13 லட்சம் ஆறாவது மாதம் 21 லட்சம் ஆகும், அப்போது வீட்டுக்காரரே "அன்னைக்கே இடிச்சிருக்கலாம்" என்று புலம்புவார், ஊரில் இந்தப் பாதிக்கணக்கு பரவியதே இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கம் வெள்ளி விலை தினமும் போடுகிறீர்கள். வாரம் ஒரு நாள் ஒரு மூலையில், பெங்களூர் நிலவரப்படி சிமென்ட் மூட்டை, கம்பி கிலோ, எம் சாண்ட், ஜல்லி, செங்கல், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி என்று ஒரு பட்டியல் போட முடியாதா? 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகு எனக்குக் காட்டப்பட்ட எஸ்டிமேட்டுகளில் சதுர அடி ரேட் ஒரு ரூபாய்கூட இறங்கி நான் பார்க்கவில்லை, கேட்டால் "கூலி ஏறிடுச்சு சார்" என்கிறார்கள். ஏறியதா இல்லையா என்று வாசகர் அந்தப் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அல்சூர் பகுதி விலையை வாராவாரம் கேட்டு எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம், பேப்பர் மட்டும் வீட்டுக்குப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டிமேட்டர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.